வைட்டமின் சி சீரம்: வீரியமா, நிலைத்தன்மையா? முதன்முதலாக வாங்குவோருக்கான வழிகாட்டி

வைட்டமின் சி சீரம் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது, புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சதவீதத்தைத்தான். 10, 15, 20, சில சமயம் 30 என்று ஏறிக்கொண்டே போகும் அந்த எண், அதிகம் இருந்தால் பலனும் அதிகம் என்ற நம்பிக்கையைத் தானாகவே உண்டாக்கிவிடுகிறது. ஆனால் புட்டிக்குள் இருப்பது எந்த வடிவ வைட்டமின் சி என்பதையும், ஆலையில் நிரப்பிய அளவில் எவ்வளவு உங்கள் முகத்தைத் தொடும் நாள் வரை சிதையாமல் இருக்கும் என்பதையும் அந்த எண் சொல்வதில்லை. கோடையில் வீட்டுக்குள்ளேயே வெக்கை தாங்காத நம் ஊர்களில், பரு வந்து போனால்கூட மாதக்கணக்கில் கருமை தங்கிவிடும் நம் தோலுக்கு, இவை இரண்டும் சதவீதத்தைவிட முக்கியமானவை.

ஆகவே என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதுவரை எந்தச் சீரமும் பயன்படுத்தாதவர், முதல் புட்டியை நிலையான வடிவத்தில் வாங்குவதே நல்லது. வீரியமான வடிவத்தைப் பற்றிய முடிவை அந்த முதல் புட்டி தீர்ந்த பிறகு எடுக்கலாம். அதற்கான காரணங்களையும், விதிவிலக்காக யார் நேரடியாக வீரியமான வடிவத்துக்குப் போகலாம் என்பதையும், இரண்டில் எதை வாங்கினாலும் எப்படிச் சோதித்து, எப்படிப் பூசி, எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் இனி பார்க்கலாம்.

இரண்டு வகைகளும் எங்கே பிரிகின்றன

வீரியமானது என்று சொல்லப்படுவது எல்-அஸ்கார்பிக் அமிலம். உடல் எந்த மாற்றமும் செய்யாமல் நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும் வைட்டமின் சி இதுதான். தோலைத் தளராமல் தாங்கும் கொலாஜன் புரதம் முறையாக உருவாவதற்கு இது தேவை. மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியின் வேலையை இது மட்டுப்படுத்துகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்கள் தோலுக்குள் கிளப்பிவிடும், செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிகல்களை அணைக்கிறது. முகத்தில் பூசும் வைட்டமின் சி பற்றிய ஆய்வுகளில் மிக வலுவானவை பெரும்பாலும் இந்த வடிவத்தைப் பற்றியவையே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்த அமிலம் தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போக வேண்டுமானால் சீரத்தின் பி.ஹெச். அளவு (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போகப் போக, அதன் மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றுத் தோலின் கொழுப்பு அடுக்கில் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. நம் தோலின் இயல்பான பி.ஹெச். ஏறத்தாழ 5 என்பதால், 3-ஐ ஒட்டிய ஒரு திரவத்தைப் பூசினால் பலருக்குச் சுருக்கென்று குத்துகிறது. இந்தக் குத்தல் பொருளின் தரக்குறைவால் வருவதன்று. அது வேலை செய்யும் விதத்திலேயே அடங்கியிருப்பது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் பின்னெல் குழுவினர் 2001-இல் பன்றித் தோலில் செய்த சோதனை ஒன்று, இன்றும் இந்தத் துறையின் அடிப்படையாக இருக்கிறது. அதில் தெரியவந்தவற்றில் மூன்று செய்திகள் வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்படும். செறிவு 20 சதவீதம் வரை உயரும்போதுதான் தோலுக்குள் போகும் அளவும் உயர்ந்தது. அதற்கு மேல் கூட்டியதால் ஆதாயம் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து பூசியதும் தோல் நிறைவடைந்துவிட்டது. அப்படி நிறைந்த வைட்டமின் சி பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள் ஆனது. எனவே 30 சதவீதப் புட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதிலும், ஒரே நாளில் இரண்டு வேளை பூசுவதிலும் பொருளில்லை. உணர்திறன் மிகுந்த தோலுள்ளவர் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினாலும் பெரிய இழப்பில்லை. இந்தக் கடைசிச் செய்தி பலருக்கு நிம்மதி தரக்கூடியது. ஆனால் விளம்பரங்களில் இதைக் காண முடியாது.

அமில வடிவத்தின் இரண்டாவது சிக்கல், அது எளிதில் கெட்டுப்போவது. நீரில் கரைந்த நிலையில் காற்று, ஒளி, வெப்பம் ஆகிய மூன்றும் அதைச் சிதைக்கின்றன. இரும்பு, தாமிரம் போன்ற உலோகங்கள் நுண்ணிய அளவில் கலந்தாலும் சிதைவு வேகமெடுக்கிறது. முதலில் அது டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது. பிறகு மீட்க முடியாத வேறு பொருள்களாக உடைகிறது. நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருந்த சீரம், தேன் நிறமாகி, பின்பு டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போவது இதனால்தான். இப்படி உடைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்றான எரித்ருலோஸ், தோலைச் செயற்கையாகப் பழுப்பாக்கும் கிரீம்களில் சேர்க்கப்படுவது. முகத்தைத் தெளிவாக்க வாங்கிய சீரம் கெட்ட பிறகு முகத்தில் செம்பழுப்புக் கறையை விடுவதன் காரணம் அதுதான்.

நிலையானவை என்று சொல்லப்படுபவை, அஸ்கார்பிக் அமிலத்தோடு வேறொரு வேதித் துண்டை இணைத்து, காற்றும் ஒளியும் எளிதில் தாக்க முடியாதபடி காப்புச் செய்த வழிப்பொருள்கள். அவை தோலுக்குள் போனதும், அங்குள்ள நொதிகள் அந்தத் துண்டை வெட்டி அகற்றி, உள்ளிருக்கும் வைட்டமின் சி-யை விடுவிக்க வேண்டும். இவற்றுக்குக் கடுமையான அமிலத்தன்மை தேவையில்லை என்பதால் குத்தல் குறைவு. எவ்வளவு உள்ளே போகிறது, அதில் எவ்வளவு மாற்றம் பெறுகிறது என்பதில்தான் இவை பின்தங்குகின்றன. மேலே சொன்ன 2001 சோதனையில், மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட்டும் அஸ்கார்பில் பால்மிடேட்டும் தோலின் வைட்டமின் சி அளவை உயர்த்தவே இல்லை. ஆனால் அத்தோடு கதையை முடித்துவிடக் கூடாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 10 சதவீத மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட் கிரீமைப் பூசிய, மங்கு என்னும் கரும்படர்வோ முதுமைப் புள்ளிகளோ முகத்தில் இருந்த 34 பேரில் 19 பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் நிறம் தெளிந்தது. வழிப்பொருள்கள் வெறும் ஏமாற்று என்று சொல்பவர்களும், அமிலத்துக்குச் சமம் என்று சொல்பவர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள்.

முதலில் உங்கள் தோலையும் வீட்டையும் பாருங்கள்

தேர்வைப் புட்டியில் தொடங்காமல் தோலில் தொடங்க வேண்டும். உங்களுக்குப் பரு வந்து ஆறிய இடத்தில் கருமை தங்குமா? கொசு கடித்த இடமும், த்ரெட்டிங் செய்த இடமும் சில வாரம் கறுத்துக் கிடக்குமா? அப்படியானால், உங்கள் தோல் எந்த எரிச்சலுக்கும் கூடுதல் நிறமியைச் சுரந்து பதில் சொல்லும் வகை. நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகைதான். இத்தகைய தோலில் 20 சதவீத அமிலச் சீரத்தைப் பூசி, அது எரிச்சலை உண்டாக்கினால், எந்தக் கருமையைப் போக்க வாங்கினோமோ அதே கருமை புதிய இடங்களில் வந்து சேரும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் ‘லேசாகச் சிவந்தால் பரவாயில்லை’ என்று எழுதியிருப்பதை நம் தோலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் சூடாக இருப்பது, நமைச்சல், பூசிய பகுதி சற்றே அடர்ந்து தெரிவது ஆகியவைதான் எரிச்சலின் அடையாளங்கள்.

எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ளவருக்குச் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் பொருத்தமானது. 5 சதவீத அளவில் பருவுக்கே அது ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் உள்ளன. வறண்ட தோலுக்கு, எண்ணெயில் கரையும் டெட்ராஹெக்சில்டெசில் அஸ்கார்பேட் இதமாக இருக்கும். எதைப் பூசினாலும் எரியும் தோலுக்கு அஸ்கார்பில் குளுக்கோசைடோ மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட்டோ போதும். பரு, வறட்சி என்று குறிப்பிட்ட சிக்கல் எதுவும் இல்லாமல், மங்கிய தோற்றத்தையும் பழைய பருவடுக்களின் கருமையையும் மட்டும் குறைக்க நினைப்பவருக்கு, 3-ஓ-எத்தில் அஸ்கார்பிக் ஆசிட் என்ற வடிவத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். இந்தியாவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சீரங்கள் பலவற்றில் இதுதான் இருக்கிறது.

நேரடியாக அமில வடிவத்துக்குப் போகக்கூடியவர் யார்? ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் போன்ற வீரியமான பூச்சுகளை ஏற்கெனவே எரிச்சலின்றிப் பழகியவர். வெயிலால் ஏற்பட்ட சுருக்கமும் திட்டுகளுமே முதன்மைக் கவலையாக இருப்பவர். தினமும் தவறாமல் சன்ஸ்கிரீன் பூசுபவர். புட்டியை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பூசும் ஒழுங்கு உள்ளவர். இந்த நான்கும் பொருந்தினால் 10 சதவீதத்தில் தொடங்கலாம். விடுதி அறையில் ஃபிரிட்ஜ் இல்லாமல் தங்கியிருப்பவர் போன்றோருக்கு, தோல் எவ்வளவு பொறுத்துக்கொள்வதாக இருந்தாலும், நீரில் கரைத்த அமிலச் சீரம் வீண்செலவு.

கன்னங்களிலும் நெற்றியிலும் இருபுறமும் ஒரே மாதிரிப் படர்ந்திருக்கும் மங்கு, திடீரென்று தோன்றிய திட்டு, வடிவமோ நிறமோ மாறும் மச்சம் ஆகியவற்றுக்குச் சீரம் தேடக் கூடாது. தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மங்கு வருவது சாதாரணம். கர்ப்ப காலத்தில் ரெட்டினால் வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டுகளையும், நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனையும் தவிர்க்கச் சொல்வார்கள். பூசும் வைட்டமின் சி பொதுவாகப் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது என்றாலும், உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள்

புட்டியின் முகப்பில் எல்லோரும் ‘வைட்டமின் சி’ என்றே எழுதுகிறார்கள். உண்மை பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில்தான் தெரியும். அங்கே ‘அஸ்கார்பிக் ஆசிட்’ என்றோ ‘எல்-அஸ்கார்பிக் ஆசிட்’ என்றோ தனித்து இருந்தால் அது வீரியமான வடிவம். அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘எத்தில்’ இருந்தாலோ, ‘அஸ்கார்பில்’ என்று தொடங்கிப் பின்னால் ‘பாஸ்பேட்’, ‘குளுக்கோசைட்’ போன்ற ஒட்டு இருந்தாலோ, ‘அஸ்கார்பேட்’ என்று முடிந்தாலோ அது பெரும்பாலும் நிலையான வழிப்பொருள். இவற்றில் எதுவுமின்றி ஆரஞ்சுப் பழச்சாறு, எலுமிச்சைச் சாறு என்று பழச்சாறுகளின் பெயர்கள் மட்டுமே இருந்தால், அந்தப் புட்டியைத் திரும்ப வைத்துவிடலாம்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சேர்மானங்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும்; 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். இதை வைத்து எளிய கணிப்பு ஒன்றைச் செய்யலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதனப்பொருள் 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை. வைட்டமின் சி-யின் பெயர் அதற்கும் பின்னால் இருந்தால், புட்டியில் அது 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. முகப்பில் சதவீதத்தையே குறிப்பிடாத சீரங்களை எடைபோட இதைவிட விரைவான வழி இல்லை.

அடுத்து, சதவீதங்களை ஒப்பிடும்போது நேரும் குழப்பம். வழிப்பொருளின் எடையில் ஒரு பகுதிதான் வைட்டமின் சி. மீதி, ஒட்டப்பட்ட துண்டின் எடை. மூலக்கூறு எடையைக் கொண்டு கணக்கிட்டால், எத்தில் அஸ்கார்பிக் அமிலத்தில் ஏறக்குறைய 86 சதவீதமும், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட்டில் 55 சதவீதமும், அஸ்கார்பில் குளுக்கோசைடில் 52 சதவீதமும், டெட்ராஹெக்சில்டெசில் அஸ்கார்பேட்டில் 16 சதவீதத்தை ஒட்டியும்தான் வைட்டமின் சி. அதாவது 10 சதவீதச் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் சீரத்தில் முழுவதும் மாற்றம் பெற்றாலும் கிடைக்கக்கூடியது 5.5 சதவீத அளவே. தோலுக்குள் போகும் திறன் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தரவரிசை போட்டுவிட முடியாது. ஆனாலும் ‘அந்தப் புட்டியிலும் 10, இந்தப் புட்டியிலும் 10, விலை மட்டும் ஏன் வேறு?’ என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இதில் இருக்கிறது.

அமில வடிவத்தை வாங்குவதாகத் தீர்மானித்துவிட்டால், அதோடு வைட்டமின் ஈ-யும் ஃபெருலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னெல் இடம்பெற்ற குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 15 சதவீத அஸ்கார்பிக் அமிலமும் 1 சதவீத வைட்டமின் ஈ-யும் இருந்த கரைசலில் 0.5 சதவீத ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தபோது, கரைசல் சிதையாமல் நின்றதோடு, வெயிலிலிருந்து தோலுக்குக் கிடைத்த காப்பும் ஏறத்தாழ இரு மடங்கானது. செறிவைப் பொறுத்தவரை 8 சதவீதத்துக்குக் கீழே பலன் சொற்பம் என்றும், 20-க்கு மேலே எரிச்சல்தான் கூடும் என்றும் தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நமக்கு 10 முதல் 15 வரை போதுமானது.

நீரே இல்லாமல், சிலிக்கோனில் அமிலப் பொடியை மிதக்கவிட்ட சீரங்களும் சந்தையில் உண்டு. நீர் இல்லாததால் அவை நீண்ட நாள் கெடாது. ஆனால் தேய்க்கும்போது மணல்போல நெருடும், பலருக்கு நன்றாகவே எரியும். முதன்முறை வாங்குவோருக்கு அவை வேண்டாம்.

வாங்கும்போது

பெரிய புட்டி லாபம் என்பது அரிசிக்கும் எண்ணெய்க்கும் பொருந்தும், அமிலச் சீரத்துக்குப் பொருந்தாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். டிராப்பரில் ஒரு மில்லி என்பது சுமார் 20 சொட்டு. முகத்துக்கும் கழுத்துக்கும் நாளொன்றுக்கு 5 சொட்டு என்றால், 30 மில்லிப் புட்டியில் உள்ள 600 சொட்டுகள் 120 நாளுக்கு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் 240 நாளுக்கு. திறந்த அமிலச் சீரத்தை ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தாலும் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் நம்ப முடியாது. ஆக, 30 மில்லி வாங்குபவர் கடைசிப் பகுதியைக் கெட்ட நிலையில் பூசுவார் அல்லது கொட்டுவார். 10 அல்லது 15 மில்லி அளவில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எத்தில் அஸ்கார்பிக் அமிலம் போன்ற நிலையான வடிவங்களுக்கு இந்த அவசரம் இல்லை. 30 மில்லியைப் பதற்றமின்றிப் பயன்படுத்தித் தீர்க்கலாம்.

புட்டி அடர்பழுப்பு அல்லது ஒளி புகாத நிறத்தில் இருக்க வேண்டும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும் டிராப்பரைவிட, காற்றுப் புகாத பம்ப் மேல். தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்; அமில வடிவமாக இருந்தால், தயாரித்து ஆறு மாதம் தாண்டியதை எடுக்க வேண்டாம். பேட்ச் எண்ணும் பயன்படுத்த வேண்டிய காலக்கெடுவும் அச்சிடப்படாத புட்டியை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள். இணையத்தில் வாங்குபவர்கள், அக்கினி நட்சத்திர நாட்களில் அமிலச் சீரத்துக்கு ஆர்டர் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. கிடங்கிலும் கூரியர் வண்டியிலும் சில நாள் வெந்துவிட்டு வரும் புட்டி, கைக்கு வரும்போதே பாதி பலமிழந்திருக்கலாம். வந்து சேர்ந்ததும் திறந்து, நிறத்தைப் பார்த்து, ஏற்கெனவே தேன் நிறத்தில் இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சாற்றில் 100 கிராமுக்கு 50 மில்லிகிராமை ஒட்டித்தான் வைட்டமின் சி இருக்கிறது, அதாவது 0.05 சதவீதம். அதன் அமிலத்தன்மையோ சீரத்தைவிடக் கடுமை. போதாக்குறைக்கு, எலுமிச்சை வகைகளில் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கி, கருந்திட்டுகளை விட்டுச் செல்லும். சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ரோஸ் வாட்டரில் கலக்குவதும் சரியன்று. அதில் சர்க்கரை, சாயம், வாசனைப் பொருள் எல்லாம் கலந்திருக்கும், பி.ஹெச். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

முகத்துக்கு முன்பு முழங்கை

புதுச் சீரத்தை முதலில் முழங்கையின் உட்புற மடிப்பில், ஒரு ரூபாய் நாணய அளவுள்ள இடத்தில், நாளைக்கு இரண்டு முறை பூசி ஒரு வாரம் பாருங்கள். ஒருநாள் சோதனை போதாது. ஒவ்வாமை சில நாள் கழித்தும் தலைகாட்டும். நமைச்சல், தடிப்பு, கருமை எதுவுமில்லை என்றால், அடுத்ததாகத் தாடையோரத்தில் மூன்று நாள். அதன் பிறகே முழு முகம். இவ்வளவு பொறுமை தேவையா என்று தோன்றலாம். ஒரு வாரக் காத்திருப்பால் தவிர்த்திருக்கக்கூடிய கருந்திட்டைப் போக்கப் பிற்பாடு பல மாதங்கள் பிடிக்கும் என்பதால், இந்தப் படியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பூசும் முறை

காலை நேரமே உகந்தது. வெயிலில் போவதற்கு முன் தோலில் வைட்டமின் சி இருப்பதுதான் நோக்கம். மென்மையான ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் போன பிறகு, 4 அல்லது 5 சொட்டைக் கண்களையும் உதட்டோரத்தையும் தவிர்த்துப் பரவலாகப் பூசுங்கள். டிராப்பரின் நுனி முகத்திலோ ஈரக் கையிலோ படக் கூடாது. இரும்புச்சத்து மிகுந்த போர் தண்ணீர் வரும் வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நுனியில் ஒட்டிய ஒரு துளி நீர் புட்டிக்குள் திரும்பிப் போனால், அதிலுள்ள இரும்பே சிதைவை முடுக்கிவிடும்.

ஓரிரு நிமிடம் கழித்து மாய்ஸ்சரைசர், அதன்மேல் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததாக, முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து பூச வேண்டும். சன்ஸ்கிரீன் இல்லாமல் வைட்டமின் சி மட்டும் பூசுவது, நிறமியை ஒரு பக்கம் குறைத்துக்கொண்டே மறுபக்கம் கூட்டுவதாகும். இரண்டையும் வாங்கக் கையிருப்பு போதாவிட்டால், சன்ஸ்கிரீனை வாங்கிவிட்டுச் சீரத்தைத் தள்ளிப்போடுங்கள். தோலுக்கு அதிக நன்மை அதில்தான். மங்கு உள்ளவர்கள், அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமூட்டிய சன்ஸ்கிரீனைத் தேர்ந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியால் வரும் கருமையையும் அது தடுக்கும்.

நிலையான வடிவத்தை முதல் வாரத்திலிருந்தே தினமும் பூசலாம். அமில வடிவமானால் முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்குப் பிறகு தோல் ஏற்றுக்கொண்டால் தினமும். பூசியதும் ஓரிரு நிமிடம் லேசாகக் குத்துவது இயல்பு. ஐந்து நிமிடம் கடந்தும் எரிந்தால் கழுவிவிடுங்கள். முகச்சவரம், த்ரெட்டிங், ப்ளீச் செய்த நாளன்று அமிலச் சீரத்தைத் தொடவே வேண்டாம்.

பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு வைட்டமின் சி-யைச் சிதைத்துவிடும் என்பதால், இதைக் காலையிலும் அதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். ரெட்டினாலும் கிளைகாலிக் அமிலமும் இரவுக்கே. சீரங்களில் சேர்க்கப்படும் மற்றொரு பொருளான நியாசினமைடை வைட்டமின் சி-யோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லப்படுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை; இன்றைய சீரங்கள் சிலவற்றில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

புட்டியைக் காப்பாற்றுவதும் கெட்டதை அறிவதும்

அமிலச் சீரத்தை அதன் அட்டைப்பெட்டியோடு ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். திறக்கும்போதெல்லாம் அங்கே வெப்பம் ஏறி இறங்கும். ஃபிரீசரும் வேண்டாம். நிலையான வடிவங்களை வெயில் படாத அலமாரியில் வைத்தாலே போதும். குளியலறை எந்தச் சீரத்துக்கும் ஏற்ற இடமன்று.

புட்டியைத் திறக்கும் முதல் நாள், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு, சன்னல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் எடுத்து வையுங்கள். மாதம் இருமுறை அதே தட்டில், அதே இடத்தில் ஒரு சொட்டை விட்டு, முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். அடர்பழுப்புப் புட்டிக்குள் எட்டிப் பார்த்து நிறத்தை அறிய முடியாது, தட்டில்தான் தெரியும். ஃபெருலிக் அமிலம் உள்ள சீரம் முதல் நாளிலேயே வைக்கோல் நிறத்தில் இருக்கலாம், அது குறையன்று. அந்தத் தொடக்க நிறத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். சற்று மஞ்சள் கூடியிருந்தால் விரைவாகத் தீர்த்துவிடலாம். ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் முகத்துக்கு ஆகாது. விரல் நகத்தோரமும் தலையணை உறையும் மஞ்சளிப்பது மற்றோர் அடையாளம். தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் இந்தக் கறையை மஞ்சளின் கறை என்று எண்ணித் தவறவிட வாய்ப்புண்டு. தட்டுச் சோதனை அவர்களுக்கு அவசியம். சாயம் கலந்த சீரங்களில் இந்தச் சோதனை எடுபடாது என்பதே, சாயம் கலந்ததை வாங்காமலிருக்கப் போதுமான காரணம்.

எவ்வளவு நாளில், எவ்வளவு எதிர்பார்க்கலாம்

முகத்தின் பொலிவில் சில வாரத்தில் மாற்றம் தெரியலாம். கருந்தழும்பு மங்குவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சுருக்கங்களுக்கு அதற்கும் மேலே. மங்குக்கு இதன் திறன் எவ்வளவு என்பதற்கு, 2004-இல் வெளியான சிறிய ஆய்வு ஒரு நல்ல அளவுகோல். 16 பெண்களுக்கு முகத்தின் ஒரு பக்கம் 5 சதவீத அஸ்கார்பிக் அமிலக் கிரீமும், மறுபக்கம் 4 சதவீத ஹைட்ரோகுவினோனும் 16 வாரம் பூசப்பட்டன. நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் வைட்டமின் சி பக்கத்தில் 62.5 சதவீதம், ஹைட்ரோகுவினோன் பக்கத்தில் 93 சதவீதம். ஆனால் எரிச்சல் வைட்டமின் சி-யில் 6.2 சதவீதத்தினருக்கு மட்டும், ஹைட்ரோகுவினோனில் 68.7 சதவீதத்தினருக்கு. மெதுவாகவும் மென்மையாகவும் வேலை செய்யும் பொருள் இது. இயற்கையாக அமைந்த நிறத்தை இது மாற்றாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. கூடுதலாகப் படிந்த கருமையையே குறைக்கும்.

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு, முதல் நாள் எடுத்த முகப்படத்தையும் அதே வெளிச்சத்தில் எடுத்த புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாற்றம் மனநிறைவாக இருந்தால் அதே சீரத்தைத் தொடரலாம். வீரியத்துக்குத் தாவ வேண்டியதில்லை. எரிச்சல் ஏதுமின்றி, பலன் மட்டும் போதாமல் இருந்தால், 10 சதவீத அமிலச் சீரத்தைச் சிறிய புட்டியில், வெயில் தணிந்த கார்த்திகை மார்கழி மாதங்களில் தொடங்குங்கள். அப்போது கூரியரில் வரும் புட்டியும் அதிகம் வேகாது, தோலும் வியர்வையால் நைந்திருக்காது. முழங்கைச் சோதனையைப் புதுப் புட்டிக்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நிலையான வடிவத்திலேயே எரிச்சல் கண்டவர்கள் அமில வடிவத்தை முயலாமல், சன்ஸ்கிரீனோடும் மாய்ஸ்சரைசரோடும் நிறுத்திக்கொண்டு, கருமைக்கு அசெலாயிக் அமிலம் போன்ற வேறு வழி பொருந்துமா என்று தோல் மருத்துவரிடம் கேட்கலாம்.